ஜன்னலைச் சாத்தச் சொல்பவர்களுக்கு

கோடையில் வீட்டைக் குளிர்விக்க ஏசியை விட்டால் வழியில்லை என்பது தமிழ்நாட்டு நகரங்களில் இன்று யாரும் கேள்வி கேட்காத முடிவாகிவிட்டது. வீடு கட்டும்போதே படுக்கையறைச் சுவர்களில் ஏசிக் குழாய்க்கு ஓட்டை விடுகிறார்கள். தேதி குறித்துக் கடன் வாங்கியாவது கத்திரி தொடங்குவதற்குள் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். இந்த முடிவை நான் மறுக்கிறேன். மறுக்கும் முன் அதன் வாதத்தை, அதை நம்புபவர்கள் சொல்வதுபோலவே சொல்லிவிடுகிறேன்.

வெளியே அடிப்பதே அனல்காற்று. ஜன்னலைத் திறந்தால் அனல்தான் உள்ளே வரும். விசிறி காற்றைச் சுழற்றும், குளிர்விக்காது. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவின் உள்நாட்டுச் சமவெளியில், கூரைக்கடியில் பெரிய விசிறி ஒன்றை வைத்து இரவில் வீட்டுக் காற்று முழுவதையும் வெளியே தள்ளுகிறார்கள்; ‘ஹோல் ஹவுஸ் ஃபேன்’ என்று அதற்குப் பெயர். அங்கே இரவு சில்லிடும், காற்று வறண்டிருக்கும். நமக்கு இரண்டும் இல்லை. மேலும் கொசு, தூசி, திருடர் பயம். ஆகவே ஜன்னலைச் சாத்து, ஏசியைப் போடு.

இந்த வாதத்தின் ஒவ்வொரு வரியிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு இது முழு உண்மை. பிழை எங்கே என்றால், பகல் இரண்டு மணிக்குப் பொருந்துவதை இரவு பத்து மணிக்கும் பொருத்துவதில்தான். நாம் தூங்க முடியாமல் புரள்வது பகலில் அல்லவே.

1. வெளிக்காற்று சூடு என்கிறார்கள். எந்த நேரத்தில்?

மே மாதத்தில் மதுரை, திருச்சி, சேலம் போன்ற உள்மாவட்ட நகரங்களில் பகல் உச்சம் சராசரியாக 37, 38 டிகிரி. அதிகாலைக் குறைவு 25, 26 டிகிரி. கோவையில் மார்ச், ஏப்ரல் இரவுகள் இதைவிடவும் இதமானவை. அதாவது பகல் உச்சத்திலிருந்து விடிவதற்குள் வெளிக்காற்று பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்குகிறது. வீடு அப்படி இறங்குவதில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 34, 35 டிகிரி காட்டுவது அரிதல்ல. அந்த நேரத்தில் மொட்டைமாடிக்கு ஏறி நின்றால் உடம்பே சொல்லும், வெளியே எவ்வளவு தேவலை என்று. அதைத் தெரிந்துதான் ஒரு தலைமுறைக்கு முன்புவரை பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனோம்.

வீட்டுக்குள் மட்டும் ஏன் வெக்கை தங்குகிறது? ஆயிரம் சதுர அடி வீட்டின் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஏறக்குறைய 28 டன் எடை. பகல் முழுக்க வெயிலை வாங்கிய அந்த 28 டன்னும், அடுப்பை அணைத்தபின்னும் சூடு விடாத தோசைக்கல்போல, மாலையிலிருந்து அதை நம் தலைமேல் இறக்குகிறது. வெயில் தளத்தின் மேற்பரப்பில் பட்டுக் கீழ்ப்பரப்புக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். பிற்பகல் வெயில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நம்மை வந்தடைவது இப்படித்தான்.

இந்தத் தளத்தை ஒரே ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 6.8 யூனிட்டுக்குச் சமமான வெப்பத்தை அகற்ற வேண்டும். ஒரு டன் ஏசி மணிக்கு அகற்றும் வெப்பம் 3.5 யூனிட். ஆக, ஒரு டன் ஏசி முழுத் திறனில் இரண்டு மணி நேரம் ஓடினால் தளம் ஒரு டிகிரி இறங்கும், அதுவும் வேறு வெப்பம் எதுவும் உள்ளே வராமல் இருந்தால். ஏசி போட்ட அறையில் காற்று குளிர்ந்தும் மேலிருந்து வெக்கை இறங்குவதை உணர்ந்திருப்பீர்கள். ஏசியை அணைத்த கால்மணி நேரத்தில் அறை பழையபடி ஆகிவிடுவதற்கும் இதுவே காரணம். காற்றை மட்டும் குளிர்வித்தோம். வெப்பம் தளத்திலும் சுவரிலும் அப்படியே இருக்கிறது.

இப்போது விசிறியின் கணக்கைப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் 18 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றும் வகை, மணிக்குச் சுமார் 5,000 கன மீட்டர் காற்றைத் தள்ளும். ஆயிரம் சதுர அடியும் பத்தடி உயரமும் உள்ள வீட்டின் மொத்தக் காற்று 283 கன மீட்டர்தான். நான்கு நிமிடத்துக்குள் வீட்டுக் காற்று முழுவதும் ஒருமுறை மாறிவிடும். அமெரிக்க எரிசக்தித் துறை இத்தகைய விசிறிக்குச் சொல்லும் அளவு மணிக்கு 15 முதல் 23 முறை. நம் கணக்கில் 17 முறைக்கு மேல் வருகிறது. வெளியேறும் காற்று உள்ளே வரும் காற்றைவிட நான்கு டிகிரி சூடாக இருந்தால், அது அகற்றும் வெப்பம் கிட்டத்தட்ட இரண்டு டன் ஏசியின் வேலைக்குச் சமம். சுவரின் சூட்டைக் காற்று முழுவதுமாக வாங்கிக்கொள்ளாது என்பதால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு டன். இதற்கு ஆகும் மின்சாரம் இருநூறு, முந்நூறு வாட். எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட்டைச் சுற்றித்தான் வரும். ஒன்றரை டன் ஏசி ஒரே ஓர் அறையை அதே எட்டு மணி நேரம் குளிர்விக்க ஐந்து முதல் எட்டு யூனிட் கேட்கும். விசிறி வேலை செய்வதோ வீடு முழுவதற்கும். விடியும்போது தளமும் சுவரும் இரண்டு மூன்று டிகிரி இறங்கியிருக்கும். மறுநாள் பகல் அந்த இறக்கத்திலிருந்துதான் தொடங்கும்.

2. ஜன்னலைத் திறந்தாலே போதுமே, விசிறி எதற்கு?

இதைச் சொல்பவர்கள் பழைய வீட்டை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். முற்றத்து வீட்டில் சூடான காற்று மேலே எழுந்து வெளியேற வாய் இருந்தது. வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே நேரில் கதவுகள் இருந்தன. இன்று பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நம் சுவருக்கும் இடையே மூன்றடி இருந்தால் பெரிய விஷயம். அறைக்கு ஒரு பக்கம்தான் ஜன்னல். அதுவும் தள்ளிச் சாத்தும் யூபிவிசி ஜன்னல் என்றால் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். காற்றசையாத மே மாத இரவில் இப்படிப்பட்ட ஜன்னலைத் திறப்பதால் மட்டும் காற்று வந்துவிடாது. இழுக்க ஒன்று வேண்டும்.

சீலிங் ஃபேன் அந்த வேலையைச் செய்யுமா? செய்யாது. அது அறைக்குள் இருக்கும் காற்றையே நம்மேல் வீசுகிறது. வியர்வையை ஆற்றும், அது பெரிய உதவிதான்; ஆனால் வீட்டிலிருந்து ஒரு துளி வெப்பத்தைக்கூட வெளியேற்றாது. மேல்தளத்து அறையில் அது தளத்தை ஒட்டித் தேங்கிய சூட்டைத்தான் கீழே இறக்கித் தருகிறது. ஏசிக்காரர்கள் விசிறியைப் பற்றிச் சொல்லும் குறை சீலிங் ஃபேனுக்கு முழுக்கப் பொருந்தும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து, ஒன்றின் குறையை மற்றதன் தலையில் கட்டிவிட்டோம்.

3. புழுக்கம்?

இந்த ஓர் ஆட்சேபம் கனமானது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மே மாத இரவுக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். குறைந்தபட்ச வெப்பமே 27, 28 டிகிரிதான். விசிறி அந்த ஈரத்தையும் சேர்த்தே உள்ளே கொண்டுவரும். ஈரத்தை உறிஞ்சி எடுப்பது விசிறியால் ஆகாது, ஏசியால் ஆகும். கடலுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் குடியிருப்பவரிடம் மே மாதத்தில் ஏசியை அணைத்துவிடச் சொல்ல மாட்டேன். வயதானவர்களும் இதய நோயாளிகளும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில், இரவிலும் வெப்பம் இறங்காத நாட்களில், ஏசி உயிரைக் காக்கும் பொருள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்று கவனியுங்கள். கடற்கரையின் இரண்டு மாதப் புழுக்கத்தைக் காரணம் காட்டி வேலூருக்கும் கரூருக்கும் ஈரோட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுகிறோம். சென்னையிலேயே பிப்ரவரி, மார்ச் இரவுகளும் மழைக்குப் பிந்தைய இரவுகளும் உண்டு. தளத்தின் அடிப்பரப்பு 35 டிகிரியிலும் வெளிக்காற்று 29 டிகிரியிலும் இருக்கும் இரவில், ஈரமான காற்றும்கூடத் தளத்தின் சூட்டைக் கொண்டுபோகும். சென்னைவாசி சாயங்காலம் இரண்டு மணி நேரம் விசிறியை ஓட்டி வீட்டின் வெக்கையைத் துரத்திவிட்டு, படுக்கப் போகும்போது ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டால் ஏசியின் சுமை குறையும். தேவையானது இரண்டு சாதாரண வெப்பமானிகள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளியே குறைவாக இருந்தால் ஓட்டு; அதிகமாக இருந்தால் சாத்து. காலை எட்டு மணிக்குள் ஜன்னல்களை அடைத்துத் திரை போட்டுவிட வேண்டும். பகலில் இந்த விசிறியை ஓட்டுபவர் அனலைத் தாமே வரவழைக்கிறார்.

4. கொசுவும் தூசியும் திருடரும்

கொசுவலை அடித்தால் காற்று வராது என்பார்கள். குறையும், நிற்காது, அதற்கு ஏற்ப ஜன்னல் பரப்பைக் கணக்கிட வேண்டும், அவ்வளவுதான். மணிக்கு 5,000 கன மீட்டர் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் என்ற மிதமான வேகத்தில் உள்ளே வர 15 சதுர அடித் திறப்பு போதும். வலை பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று வைத்தால் 30 சதுர அடி. இரண்டு படுக்கையறைகளிலும் கூடத்திலும் நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒவ்வொன்று திறந்தால் இது கிடைத்துவிடும். பாதி திறக்கும் தள்ளு ஜன்னல் என்றால் இன்னும் ஒன்றிரண்டைத் திறக்க வேண்டியிருக்கும். வலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். தூசி படிந்த வலை கிட்டத்தட்ட மூடிய ஜன்னல்தான். நெடுஞ்சாலையோரமோ குப்பை எரிக்கும் இடத்துக்கு அருகிலோ வீடு இருந்தால் இந்த முறை வேண்டாம், அந்தக் காற்றை உள்ளே இழுக்கக் கூடாது. திருடருக்குக் கிரில் ஏற்கெனவே இருக்கிறது.

5. சத்தம்

சிறிய விசிறியை வேகமாக ஓட்டினால் சத்தம். பெரியதை மெதுவாக ஓட்டினால் இல்லை. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் மின்சாரத் தேவை எட்டில் ஒரு பங்கை நெருங்கும். ஆகவே 1,400 சுற்று விசிறியை விட்டுவிட்டு 900 சுற்று வகையை வாங்க வேண்டும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் ரப்பர் வைத்துப் பொருத்த வேண்டும். படுக்கையறையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

6. ஏசி வாங்க முடிந்தவருக்கு இதெல்லாம் எதற்கு?

பணம் இருக்கிறது, போடுகிறேன், யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்குப் பதில் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒன்றரை டன் ஏசி முழுத் திறனில் ஓடும்போது அறையிலிருந்து எடுத்த ஐந்து கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தையும், தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்துச் சந்துக்குள் ஊதுகிறது. மூன்றடிச் சந்தில் அது எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேர். அந்த வீட்டார் ஜன்னலைச் சாத்துகிறார்கள். பிறகு அவர்களும் ஏசி வாங்குகிறார்கள். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரை வைத்து 2014இல் வெளியான ஆய்வு, ஏசிகள் வெளியேற்றும் வெப்பம் நகரின் சில பகுதிகளில் இரவு வெப்பத்தை ஒரு டிகிரிக்கு மேல் கூட்டுவதாகக் கண்டது. பீனிக்ஸில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நம் தெருக்களின் நெருக்கத்தில் நாம் ஒருவர் வெக்கையை ஒருவர்மேல் தள்ளிக்கொண்டிருக்கிறோம், அதுவும் ஏசி வாங்க முடியாதவர் மேல். 2019இல் ஒன்றிய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டத்தின்படி அப்போது ஏசி இருந்த வீடுகள் சுமார் எட்டு சதவீதம். மற்றவர்களுக்கு இரவுக் காற்று ஒன்றுதான் இருந்தது. அதையும் சூடாக்குகிறோம்.

மின்சாரத்துக்கு வருவோம். 2024 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. ஏசிகள் விடிய விடிய ஓடும் நேரத்தில் சூரிய மின்சாரம் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் சுமை தாங்காமல் மின்சாரம் போகும்போது முதலில் நிற்பது ஏசிதான். ஜன்னல் அடைத்த அறை சில நிமிடங்களில் அடுப்பாகிறது. முந்நூறு வாட் விசிறி வீட்டு இன்வர்ட்டரிலேயே ஓடும். கட்டணத்தில் நம் மாநிலத்தின் படிநிலை முறை இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியவரைத் தனியாக நடத்துகிறது. ஏசி ஓடும் வீடு கோடையில் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது கடினம்.

இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. சுவருக்கு வெளியே ஒரு பெட்டி இருப்பதால் காற்று வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குழாய்களில் ஓடுவது குளிர்பதன வாயுதான். அடைத்த அறையில் நான்கு பேர் படுத்தால் விடியும்வரை அந்த நான்கு பேரின் மூச்சையே நால்வரும் சுவாசிக்கிறார்கள்.

“எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்பவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர்கள் போட்டது சமையலறைக்கான ஒன்பது அங்குல விசிறி. வீட்டைக் காலிசெய்யத் தேவையான காற்றில் சிறு பங்கைத்தான் அது தள்ளும். அல்லது விசிறிக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். காற்று அந்த ஜன்னலில் நுழைந்து உடனே விசிறியில் வெளியேறிவிடும், வீட்டுக்குள் வராது. விசிறி வீட்டின் மிக உயரமான இடத்தில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் அதற்கென்றே அமைந்ததுபோல ஓர் இடம் இருக்கிறது: மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டின் மேல் கட்டும் ஹெட்ரூம். வீட்டின் சூடான காற்று தானாகவே அங்கே போய்ச் சேருகிறது. மாடிக்கதவைச் சாத்தி, ஹெட்ரூம் சுவரில் விசிறியைப் பொருத்தி, அதற்கு மிகத் தொலைவான அறைகளின் ஜன்னல்களைத் திறந்து, உள்கதவுகளைத் திறந்துவைத்தால் காற்று படுக்கையறைகளின் வழியே கூடத்துக்கு வந்து படியேறி வெளியேறும். வெளிப்பக்கம் விசிறி நின்றதும் தானே மூடும் ஷட்டரும் பறவை நுழையாத வலையும் வேண்டும். வாங்கும்போது அங்குலத்தை மட்டும் கேட்காமல் காற்றளவைக் கேளுங்கள். சில பெட்டிகளில் மணிக்குக் கன மீட்டர் என்றும் சிலவற்றில் சிஎஃப்எம் என்றும் போட்டிருப்பார்கள். ஒரு சிஎஃப்எம் என்பது மணிக்கு 1.7 கன மீட்டர்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஜன்னல் திறக்காமல் இந்த விசிறியை ஒருபோதும் ஓட்டக் கூடாது. திறப்பு போதாவிட்டால் அது எந்த வழியில் காற்று கிடைக்குமோ அந்த வழியில் இழுக்கும். குளியலறையில் கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தால் அதன் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கீசர் எரியும்போது விசிறி ஓடக் கூடாது.

விசிறி ஒன்றே எல்லாம் செய்துவிடும் என்று சொல்பவர்களையும் நான் ஏற்கவில்லை. தளத்துக்குள் வெப்பம் புகுவதைத் தடுக்காமல் இரவெல்லாம் அதை இறைத்துக்கொண்டிருப்பது பாதி வேலை. ஒன்றிய அரசின் எரிசக்திச் சிக்கனச் செயலகம் 2018இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’, கூரையின் வெப்பக் கடத்தல் அளவு 1.2ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது மூன்றுக்கும் மேல். வெள்ளைத் தட்டோடோ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ, அதற்கடியில் ஒரு வெப்பத் தடுப்பு அடுக்கோ முதலில் வர வேண்டும், அடுத்து விசிறி, அதற்கும் மேல் தேவைப்படும் இரவுகளுக்கு ஏசி. இன்று இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

அதே விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 167 சதுர அடி. புதிதாக எழும் வீடுகளின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஏசியின் வெளிப்பெட்டிக்கு இடம் குறித்திருப்பார்கள், இந்த ஆறில் ஒரு பங்கைக் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். ஹெட்ரூம் சுவர் எழும்பும்போதே இரண்டடிக்கு இரண்டடி திறப்பும், அதனருகே ஒரு சுவிட்சும் விடுவதற்குக் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் கூடுதலாக எதுவும் கேட்கப்போவதில்லை. பூச்சு முடிந்தபின் உடைப்பதற்குத்தான் செலவு. அடுத்த கோடைக்குள் வீடு கட்டப்போகிறவர்கள் அஸ்திவாரம் தோண்டும் முன்பே தங்கள் பொறியாளரிடம் இந்த இரண்டையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். வெளிக்காற்று சூடு என்று பதில் வந்தால், எந்த நேரத்தில் என்று திரும்பக் கேளுங்கள்.